பாட்டில் முகப்பில் "மஞ்சள் 1500 மி.கி., 95%" என்று இருக்கிறது. உள்ளே உண்மையில் எவ்வளவு?

வாணி_ஓசூர்

வணக்கம். அம்மாவுக்கு 64 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் தேய்மானம் என்றார். சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்து, வலி தாங்க முடியாத நாளில் மட்டும் போட ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். "மஞ்சள் கேப்சூல் போட்டு எங்க மாமியார் இப்ப மாடிப்படி ஏறுறாங்க" என்று சொல்லி என் நாத்தனார் ஒரு பாட்டில் வாங்கி அனுப்பிவிட்டார். அது தீரப்போகிறது என்றதும் நானே ஆன்லைனில் வேறு கம்பெனியுடையதை வாங்கினேன்.

இப்போது இரண்டு பாட்டிலும் மேசையில் இருக்கின்றன. முதலாவதன் முகப்பில் கொட்டை எழுத்தில் "மஞ்சள் 1500 மி.கி.", அடியில் "95% குர்குமினாய்டு" (மஞ்சளில் இருக்கும் வீரியச் சத்தாம்). 60 கேப்சூல் 399 ரூபாய். இரண்டாவதில் "குர்குமின் 500 மி.கி.", அதிலும் 95% என்றுதான் இருக்கிறது. 60 கேப்சூல் 1,150 ரூபாய்.

எண்ணை மட்டும் பார்த்தால் முதலாவதற்கு மூன்று மடங்கு வீரியம், விலை மூன்றில் ஒரு பங்கு. நான் ஏமாந்துவிட்டேன் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். கூடு ஒரே அளவு, தடிமனும் ஒன்றுதான். 500 மி.கி. கொள்ளும் கூட்டுக்குள் 1500 எப்படிப் போய் அடைந்தது?

அம்மா தினம் காலையில் ஒன்றுதான் போடுகிறார். வலி குறைந்ததா என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார். அவர் எதற்குமே அப்படித்தான் சொல்வார், அதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது.

லேபிளில் உள்ள எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஏதாவது வழி உண்டா?

ராஜபாளையத்தான்

ரொம்ப சுலபம். கேப்சூலைப் பிரித்துப் பொடியைத் தண்ணீரில் கொட்டுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஒரு துளி போடுங்கள். ஆரத்தி மாதிரி சிவந்தால் ஒரிஜினல், சிவக்காவிட்டால் குப்பையில் போடுங்கள். எங்கள் பாட்டி காலத்துச் சோதனை இது. இதற்கெல்லாம் எதற்கு லேப்?

மருந்துக்கடை_மணி

நானும் இந்தக் கேப்சூல்களை விற்கிறவன்தான், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் இரண்டு பாட்டிலைக் கையில் எடுப்பார்கள், முகப்பில் எந்த எண் பெரியதோ அதை வாங்கிப் போவார்கள். பத்துக்கு ஒன்பது பேர் பாட்டிலைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. கம்பெனிக்காரருக்கும் அது தெரியும்.

நீங்கள் திருப்பிப் பாருங்கள். "ஹெல்த் சப்ளிமென்ட்", "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று இருந்தால் சட்டப்படி அது உணவு வகை. எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். தயாரிக்கவோ விற்கவோ அவர்களுக்கு உரிமம் உண்டு என்பதற்கு அடையாளம் அது. உள்ளே 95% இருக்கிறது என்று யாரோ அளந்து பார்த்து முத்திரை குத்தியதாக அர்த்தம் இல்லை. இதே மஞ்சள் ஆயுர்வேத மருந்து உரிமத்திலும் வரும், அதற்கு 1940-ஆம் வருடத்து மருந்துச் சட்டம். சரக்கு ஒன்றுதான், உள்ளே வர இரண்டு கதவு.

இரண்டு பாட்டிலின் பின்பக்கத்தையும் அப்படியே இங்கே எழுதிப் போடுங்கள். பழைய கெமிஸ்ட் அண்ணன் கண்ணில் பட்டால் பிரித்து மேய்ந்துவிடுவார்.

வாணி_ஓசூர்

நன்றி மணி அண்ணா. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது.

முதல் பாட்டில்: "ஒரு வேளை அளவு: 3 கேப்சூல். ஒரு வேளையில் அடங்கியவை: மஞ்சள் கிழங்குப் பொடி 1350 மி.கி., மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட் (95% குர்குமினாய்டு) 135 மி.கி., கருமிளகு எக்ஸ்ட்ராக்ட் (95% பைப்பரின்) 15 மி.கி." பக்கவாட்டில் ஒரு மஞ்சள் வட்டத்துக்குள் "2000% அதிக உறிஞ்சல்".

இரண்டாவது: "ஒவ்வொரு கேப்சூலிலும்: மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி. (95% குர்குமினாய்டுக்குத் தரப்படுத்தியது)." வேறு ஒன்றும் இல்லை.

சுண்ணாம்புச் சோதனையும் செய்தேன். இரண்டும் சிவந்தன. இரண்டாவது கொஞ்சம் கூடுதலாக. அம்மா அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் வாசலில் ஊற்றிவிட்டார், திருஷ்டியாவது கழியட்டும் என்று.

பழைய_கெமிஸ்ட்

அம்மணி, நான் 22 வருடம் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட் எடுக்கும் ஒரு ஆலையில் லேபில் இருந்தவன். ஓய்வுபெற்று ஐந்து வருடம் ஆகிறது. கையில் இருந்த மஞ்சள் போய்விட்டது, நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். டாக்டர் இல்லை நான். முழங்காலுக்கு இது கேட்குமா கேட்காதா என்ற பேச்சுக்கு வரமாட்டேன். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த விஷயம்.

முதலில் சுண்ணாம்பு. ராஜபாளையத்தார் சொன்னது தப்பில்லை. குர்குமின் காரத்தில் சிவக்கும், ஆரத்தியின் ரகசியமே அதுதான். ஆனால் குர்குமின் இருக்கிறதா என்பதற்குத்தான் அது பதில் சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் வாயைத் திறக்காது. நூறு பங்கு ஸ்டார்ச்சில் ரெண்டு பங்கு மஞ்சள் கலந்தாலும் சிவக்கும். கெமிக்கலில் செய்த குர்குமினும் சிவக்கும்.

இப்போது முதல் பாட்டில். அவர்கள் லேபிளில் பொய் எழுதவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முகப்பில் உள்ள 1500 மூன்று கேப்சூலுக்குச் சேர்த்துப் போட்ட கணக்கு. அந்த 1500-இல் 1350 வெறும் மஞ்சள்தூள், உங்கள் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற அதே தூள். 95% என்பது 135 மி.கி. எக்ஸ்ட்ராக்டுக்கு மட்டும் பொருந்தும். முகப்பில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சடித்துவிட்டால், 1500-இல் 95% என்று கண் தானாகவே கூட்டிக்கொள்ளும். கூட்டியது நம் கண், அதனால் குற்றமும் நம்முடையது.

கணக்குப் போடுவோம். சாதாரண மஞ்சளில் குர்குமினாய்டு நூற்றுக்கு 2 முதல் 5 வரை இருக்கும். மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் 7-ஐத் தொடும், அது வேறு கதை. நடுவில் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1350 மி.கி. தூளில் 40 மி.கி. 135 மி.கி. எக்ஸ்ட்ராக்டில் 128 மி.கி. கூட்டினால் 168, அதுவும் மூன்று கேப்சூலுக்கு. அம்மா தினம் ஒன்றுதான் போடுகிறார் என்றீர்கள். 56 மி.கி.

சமையலறை டீஸ்பூனில் தலைதட்டி எடுத்த மஞ்சள்தூள் ஏறக்குறைய 3 கிராம் வரும். அதில் 90 மி.கி. குர்குமினாய்டு இருக்கிறது. புரிகிறதா? இரண்டு மாதமாக அம்மாவுக்குத் தினம் அரை டீஸ்பூனுக்குச் சற்று கூடுதலான மஞ்சளைக் கூட்டில் அடைத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது பாட்டிலில் எழுதியிருப்பது உண்மையென்றால் ஒரு கேப்சூலில் 475 மி.கி. கிட்டத்தட்ட எட்டரை மடங்கு. அதனால் நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள் என்று அம்மா சொல்வது சரியில்லை, அதை அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஆனால் "எழுதியிருப்பது உண்மையென்றால்" என்றேனே, அங்கேதான் என் பழைய வேலை வருகிறது.

விரலி மஞ்சளை இடித்துக் கரைப்பானில் ஊறவைத்து எடுத்தால் தார் மாதிரி ஒன்று வரும், ஒலியோரெசின் என்போம். அதைக் கழுவிப் படியவைத்து வடிகட்டினால் ஆரஞ்சு நிறப் பொடி கிடைக்கும். சந்தையில் 95% என்று விற்பது அதைத்தான். ஒரு கிலோ வேண்டுமானால் 3% சரக்கில் 32 கிலோ மஞ்சளாவது போக வேண்டும், சேதாரம் தனி. அந்தப் பொடியில் மூன்று சாமான் இருக்கும்: குர்குமின், டிமெதாக்சி குர்குமின், பிஸ்டிமெதாக்சி குர்குமின். மூன்றையும் சேர்த்துத்தான் குர்குமினாய்டு என்பது. "95% குர்குமின்" என்று ஒருவர் எழுதினால் அந்த இடத்திலேயே எனக்குப் புருவம் உயரும். இயற்கைச் சரக்கில் குர்குமின் மட்டும் 70-லிருந்து 80 பங்குதான் வரும், மிச்சம் மற்ற இரண்டும்.

இதை அளக்க இரண்டு வழி. ஒன்று யுவி. பொடியைக் கரைத்து ஏறத்தாழ 420 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்ப்பது. பத்து நிமிட வேலை, செலவு குறைவு. இன்னொன்று ஹெச்பிஎல்சி. கலவையைக் குழாய் வழியாக ஓடவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து அளப்பது. யுவி, கல்யாணப் பந்தியில் விழுந்த இலையை எண்ணுகிற மாதிரி. எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரியும், அதில் சொந்தக்காரர் எத்தனை, தெருவில் போனவர் எத்தனை என்று தெரியாது. ஹெச்பிஎல்சி வாசலில் நின்று பத்திரிகையை வாங்கிப் பார்த்து உள்ளே விடுகிறது. 420-இல் ஒளியை விழுங்கும் எதுவானாலும் யுவி கணக்கில் குர்குமினாகிவிடும். கெட்டுப்போன சரக்கில் உடைந்த துணுக்கும் சேரும், எவனாவது மஞ்சள் சாயம் கலந்திருந்தால் அதுவும் சேரும்.

ஒருமுறை வெளிநாட்டுக்கு ஒரு லாட் போனது, 25 கிலோ டிரம்கள். எங்கள் யுவியில் 95.8. அங்கே வாங்கியவர் ஹெச்பிஎல்சி போட்டு 89 சொச்சம் என்று திருப்பி எழுதினார். அதே டிரம், அதே பொடி. எனக்குத் தூக்கம் போய்விட்டது, நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். மறுபடி யுவியில் போட்டேன், 95.6. வெளி லேபுக்கு அனுப்பி ஹெச்பிஎல்சி போட்டேன், 89.4. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அளந்தது வேறு வேறு.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஏற்றுமதி டிரம்முக்கு இனி ஹெச்பிஎல்சி, உள்ளூர் டிரம்முக்குப் பழையபடி யுவி என்று மேலே முடிவானது. ஏன் என்று கேட்டேன். "உள்ளூர்ல யாரும் எந்த முறைன்னு கேக்கறதில்லையே" என்றார்கள். வாஸ்தவம்தான். நான் இருந்தவரை ஒரே ஒரு உள்ளூர் வாடிக்கையாளர் கேட்டார், அவரும் வேறு எதற்கோ போன் செய்தவர்.

ஆகவே இரண்டாவது கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "என் பாட்டிலின் பேட்ச் எண் இது, இந்த பேட்ச்சின் சிஓஏ (பகுப்பாய்வுச் சான்றிதழ்) வேண்டும், குர்குமினாய்டை எந்த முறையில் அளந்தீர்கள்" என்று மூன்றே வரி. இங்கிலீஷில் எழுதினாலும் சரி, தமிழில் எழுதினாலும் சரி. பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்.

மருந்துக்கடை_மணி

அண்ணா, அந்த "2000%" வட்டத்தை விட்டுவிட்டீர்களே.

பழைய_கெமிஸ்ட்

வயசாகிவிட்டது, மணி.

அது 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் செய்த ஆய்வு. உண்மையான ஆய்வுதான். 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தார்கள், ரத்தத்தில் சேர்ந்தது 2000 சதவீதம் கூடியது. ஆனால் பைப்பரின் இல்லாமல் கொடுத்தபோது ரத்தத்தில் இருந்தது கருவியில் பிடிபடாத அளவுக்குச் சொற்பம், இல்லையென்றால் மிகமிகக் குறைவு. காலணா இருபது மடங்கானால் அஞ்சணா, அவ்வளவுதான். அங்கே கொடுத்தது 2000 மி.கி. குர்குமின். வாணி அம்மணியின் முதல் பாட்டிலில் ஒரு கேப்சூலுக்கு 56-ம், பைப்பரின் 5-க்கும் குறைவாகவும் இருக்கிறது. அந்த ஆய்வின் எண்ணைத் தூக்கி இந்தக் கூட்டின் மேல் ஒட்ட முடியாது. ஒட்டியிருக்கிறார்கள்.

நம் வீட்டுப் பாலில் மஞ்சளும் மிளகும் சேர்த்துத்தானே போடுவோம், அதற்கு யாரும் வட்டம் போட்டு விளம்பரம் செய்யவில்லை.

மருந்துக்கடை_மணி

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், இது வீரியத்தைப் பற்றி இல்லை, ஆனால் வீரியம் கூடினால் வருவது. பைப்பரின் குர்குமினை மட்டும் தேர்ந்தெடுத்து உள்ளே விடாது. கூடவே சாப்பிடும் சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டும். வலிப்பு மாத்திரை ஃபெனிடாயின் அதில் ஒன்று. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

கல்லீரல் விஷயமும் இருக்கிறது. இத்தாலியில் 2019-இல் மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக வரிசையாகப் புகார் வந்தது. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. எல்லோருக்கும் வராது, அபூர்வம்தான். ஆனால் உறிஞ்சலைக் கூட்டிய வகைகளிலும் அதிக அளவிலும்தான் பேச்சு அதிகம். ரசத்தில் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். அம்மா வேறு என்ன மாத்திரை போடுகிறார்?

வாணி_ஓசூர்

சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. அடுத்த வாரம் செக்கப் இருக்கிறது, இரண்டு பாட்டிலையும் பையில் போட்டு எடுத்துப் போகிறேன். இதுவரை டாக்டரிடம் சொல்லவே இல்லை. "மஞ்சள்தானே, இதைப் போய் சொல்லணுமா" என்று அம்மா தடுத்துவிட்டார்.

கெமிஸ்ட் ஐயா சொன்ன கணக்கை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அரை டீஸ்பூன் என்றதும் என்னைப் பார்க்கவில்லை, சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கூட்டின் எடையையும் பார்த்துவிட்டேன். கீழ்வீட்டு அக்கா நகைக் கடையில் வேலை செய்கிறார், அவர் கடைத் தராசில் முதல் பாட்டிலில் மிச்சமிருந்த நாலு கேப்சூலை வைத்தோம். 2.37 கிராம். பொடியைத் தட்டிவிட்டு வெறும் கூடுகளை வைத்தால் 0.39. அப்படியானால் உள்ளே இருந்தது 1.98, ஒன்றுக்கு 495 மி.கி. எடையில் ஏமாற்றவில்லை. அந்த அக்கா பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு "சாம்பார்ப் பொடியா?" என்று கேட்டார்.

பழைய_கெமிஸ்ட்

பிரமாதம் அம்மணி! எங்கள் லேபில் இருந்த சில பையன்களைவிட நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

ராஜபாளையத்தான்

சுண்ணாம்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் சந்தேகத்தையும் தீர்த்துவையுங்கள். நான் அமுக்கரா கேப்சூல் போடுகிறேன். "500 மி.கி. எக்ஸ்ட்ராக்ட் 10:1, 5000 மி.கி. வேருக்குச் சமம்" என்று இருக்கிறது. சதவீதமே போடவில்லை. இது நல்லதா கெட்டதா?

பழைய_கெமிஸ்ட்

நல்லதா கெட்டதா என்று சொல்லத்தான் முடியாது, அதற்காகத்தான் அப்படி எழுதுவது.

10:1 என்றால் பத்து கிலோ வேரைப் போட்டு ஒரு கிலோ எக்ஸ்ட்ராக்ட் எடுத்தோம் என்கிறார்கள். எதில் ஊறவைத்தார்கள்? தண்ணீரிலா, ஆல்கஹாலிலா? இரண்டிலும் வெளியே வருவது வேறு வேறு. முற்றிய வேரா, சல்லி வேரா? தெரியாது. வேர் மோசமானால் பத்து கிலோவிலும் ஒன்றும் இருக்காது. பத்து குடம் தண்ணீரை ஒரு குடமாகச் சுண்டக் காய்ச்சினாலும் 10:1தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எக்ஸ்ட்ராக்ட் பிசுபிசுவென்று இருக்கும், பொடியாக உலர வேண்டுமென்றால் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி மாதிரி ஏதாவது சேர்த்தாக வேண்டும். அது தேவைதான், களவில்லை. ஆனால் நூற்றுக்கு எவ்வளவு சேர்த்தோம் என்று சொல்ல வேண்டும். 30 சேர்த்துவிட்டு அதை 10:1 என்றே விற்கிறவர்களுக்குச் சரக்கு கொடுத்திருக்கிறோம்.

அமுக்கராவில் பார்க்க வேண்டியது வித்தனோலைடு என்ற வீரியச் சத்து எத்தனை சதவீதம், எந்த முறையில் என்பதை. கரைத்து, படியவைத்து, எடை போட்டு அளந்தால் எண் பெரிதாக வரும். ஹெச்பிஎல்சியில் அதே சரக்கு நன்றாகக் கீழே இறங்கும். அப்புறம் வேரா இலையா என்று பாருங்கள். வேர் விலை அதிகம், இலை மலிவு. இலையில் வித்தஃபெரின்-ஏ என்ற ஒன்று நிறைய இருக்கும், அதைக் கலந்தால் மொத்த எண் தானாக ஏறிவிடும். 2021-இல் ஆயுஷ் அமைச்சகம் அமுக்கரா இலையைச் சேர்க்க வேண்டாம் என்று உற்பத்தியாளர்களுக்குச் சொன்னது இந்த வழக்கத்தால்தான். உங்கள் பாட்டிலில் "வேர்" என்று தெளிவாக இருக்கிறதா?

ராஜபாளையத்தான்

"விதானியா சோம்னிஃபெரா எக்ஸ்ட்ராக்ட்" என்று அமுக்கராவின் தாவரவியல் பெயர் மட்டும் இருக்கிறது. வேர் என்று எங்கும் இல்லை. ஒரு வேர்ப்படம் போட்டிருக்கிறார்கள், அழகாக.

குண்டூசி

சட்டத்தைக் கொஞ்சம் குத்திவிட்டுப் போகிறேன். 2006-ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 40 என்று ஒன்று உண்டு. பொருளை வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். பொருள் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்ப வரும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, கோவை, சேலம், மதுரையிலும் உண்டு.

ஒரு கொக்கி: வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வாங்க வேண்டும், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆன்லைனில் "கார்ட்டில் சேர்" பொத்தானிடம் போய் எப்படிச் சொல்வது என்று சட்டத்தில் இல்லை. கடையில் வாங்கி, சொல்லி, எழுதி, ரசீதையும் பத்திரமாக வைத்திருந்தால்தான் நடக்கும். மணி அண்ணன் கடையில் போய்ச் சொன்னால் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

மருந்துக்கடை_மணி

வாங்க தம்பி, சொல்லிட்டே வாங்குங்க. டீயும் வாங்கித் தர்றேன்.

வாணி_ஓசூர்

பன்னிரண்டு நாளாகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

டாக்டர் இரண்டு பாட்டிலையும் பார்த்தார். கல்லீரல் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார், ரிசல்ட் சரியாக இருந்தது. மிளகு சேர்த்ததை நிறுத்தச் சொன்னார். இரண்டாவதை வேண்டுமானால் போடலாம், இரண்டு மாதம் பார்த்துவிட்டு வலியில் வித்தியாசம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், பயிற்சியை மட்டும் விடாதீர்கள் என்றார். பயிற்சி என்ற சொல் வந்ததும் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

இரண்டு கம்பெனிக்கும் மின்னஞ்சல் போட்டேன். முதலாவதிலிருந்து ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "எங்கள் தயாரிப்பு 100% இயற்கையானது, பல்லாயிரம் குடும்பங்கள் நம்புகின்றன." கூடவே 15 சதவீதத் தள்ளுபடி கூப்பன். சிஓஏ பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டாவது கம்பெனி ஒன்பதாவது நாள் ஒரு பிடிஎஃப் அனுப்பியது. "மொத்தக் குர்குமினாய்டு: 95.34%. முறை: ஹெச்பிஎல்சி" என்று இருக்கிறது. குர்குமின் 76.2, டிமெதாக்சி 15.9, பிஸ்டிமெதாக்சி 3.24 என்று பிரித்தும் போட்டிருக்கிறார்கள். ஐயா சொன்ன மாதிரியே மூன்றும் வருகிறதே, இனி நம்பலாம்தானே?

பழைய_கெமிஸ்ட்

முறை நல்லது, மூன்றின் விகிதமும் இயற்கைச் சரக்கு மாதிரி இருக்கிறது. கெமிக்கலில் செய்ததாக இருந்தால் கிட்டத்தட்ட முழுக்கக் குர்குமினாகவே வரும், மற்ற இரண்டும் பெயருக்குத்தான் இருக்கும். யாராவது புத்திசாலி இரண்டையும் கலந்திருந்தால் கரிமம்-14 போட்டுத்தான் பிடிக்க முடியும். கெமிக்கல் குர்குமின் பெட்ரோலியத்திலிருந்து வருவது, அந்தக் கரிமத்தில் அது இருக்காது. அந்த அளவுக்கு இப்போது போக வேண்டாம்.

இரண்டு விஷயம் பாருங்கள். அந்தத் தாளின் மேல் "பொருள்" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, எக்ஸ்ட்ராக்டா, கேப்சூலா? பேட்ச் எண் உங்கள் பாட்டிலின் அடியில் உள்ளதேதானா? பாட்டிலில் புள்ளி புள்ளியாக அச்சடித்திருப்பார்கள், கை பட்டுத் தேய்ந்திருக்கும், ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

வாணி_ஓசூர்

"மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட் பொடி 95%" என்று இருக்கிறது. கேப்சூல் என்று இல்லை.

பேட்ச் எண் முதலில் ஒன்றுதான் என்று நினைத்தேன். கடைசி இலக்கம் தாளில் 3. பாட்டிலில் 8 மாதிரியும் தெரிகிறது, 3 மாதிரியும் தெரிகிறது.

பழைய_கெமிஸ்ட்

தாளில் அளந்தது டிரம்மில் வந்த பொடியை. கேப்சூலை அளக்கவில்லை. டிரம்மிலிருந்து கூட்டுக்குப் போகிற வழியில்தான் கலப்பு இயந்திரம் இருக்கிறது, அங்கே என்ன சேர்த்தார்கள் என்று இந்தத் தாளுக்குத் தெரியாது. அடைத்த கேப்சூலுக்கான சிஓஏ தனியாக இருக்கும், அதைக் கேளுங்கள்.

அந்த 8-ஐ நன்றாகப் பாருங்கள். பாட்டிலைச் சாய்த்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள்.

வாணி_ஓசூர்

8தான் ஐயா.